தாத்தா கைநாட்டு வைத்த ஊர்

திங்கள் – காட்பாடி, வேலூர்

அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்கு ஒரு போட்டோகூட கிடையாது. பிறந்த தேதி தெரியாது, இறந்த தேதியும் தெரியாது. ஆயா சொல்லிவிட்டுப் போனதெல்லாம் நாலு வரிதான். சொந்த ஊர் வட ஆற்காடு ஜில்லா, குடியாத்தம் பக்கம். வேலை கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப் சுரங்கத்தில். அப்பா வயிற்றில் இருக்கும்போதே சுரங்கத்துக்குள் பாறை வெடித்துத் தாத்தா போய்விட்டார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆயா மதராஸுக்கு வந்து, பெரம்பூரில் இட்லி சுட்டு விற்று அப்பாவை வளர்த்தார்.

மேற்கொண்டு ஏதாவது கேட்டால் ஆயா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். அப்பாவும் கேட்பதை விட்டுவிட்டார். "எங்க நைனா என் முகத்தைப் பார்க்கலை, நான் அவர் முகத்தைப் பார்க்கலை" என்று மட்டும் எப்போதாவது சொல்வார். அவருக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. முழங்கால் வலியால் அதிகம் நடக்க முடியாது. அவர் இருக்கும்போதே இன்னும் நாலு வரியாவது தேடிக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

காட்பாடியில் சித்தப்பா வந்து அழைத்துக்கொண்டார். தாத்தாவின் பங்காளி வழியில் வந்தவர், சத்துவாச்சாரியில் வீடு. மதியம் கேழ்வரகுக் களியும் இலவம்பாடி முள் கத்திரிக்காய்க் குழம்பும். அந்தக் கத்திரிக்காயை ஊரைத் தாண்டி வாங்கிச் சமைத்தால் இந்த ருசி வருவதில்லை.

சாப்பிட்டபின் சித்தப்பா ஒரு தாளில் ஜில்லாக் கணக்கைப் போட்டுக் காட்டினார். பழைய வட ஆற்காட்டுக்கு 1911 வரை சித்தூர்தான் தலைநகர். அந்த வருஷம் சித்தூர் தனி ஜில்லாவாகப் போனபிறகு வேலூர் தலைநகரானது. 1989இல் வட ஆற்காடு இரண்டாகி ஒரு பாதி திருவண்ணாமலைக்குப் போனது. 2019இல் மிச்சமிருந்த வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. குடியாத்தமும் பேரணாம்பட்டும் வேலூரோடு நின்றன. பழைய காகிதம் தேடுகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கும், அதன் காகிதம் வேறு ஊரில் இருக்கும்.

சாயங்காலம் கோட்டைக்குப் போனோம். அகழி நிறையத் தண்ணீர். 1799க்குப் பிறகு திப்புவின் குடும்பத்தை இங்கேதான் வைத்திருந்தார்கள். கண்டியின் கடைசி அரசர் இங்கே சிறையிருந்து 1832இல் இறந்தார். 1806 ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் இந்தச் சுவர்களுக்குள்தான். நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகை வைக்க வேண்டும் என்ற உத்தரவு அவர்களைக் கொதிக்க வைத்தது. அந்தக் காலையில் செத்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பெயர் இருக்கிறது. அன்றைக்குப் பகலிலேயே சுட்டுத் தள்ளப்பட்ட நூற்றுக்கணக்கான சிப்பாய்களில் பெரும்பாலானவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் இருந்திருப்பார்கள், கேட்டிருப்பார்கள். மக்கான் சந்திப்பில் இருக்கும் நினைவுத் தூணருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீடு திரும்பினோம்.

செவ்வாய் – குடியாத்தம்

இன்றைக்கு முழுக்க சார்பதிவாளர் அலுவலகத்தில்தான்.

ஏழை வீட்டு மனிதனைத் தேடுவதற்கு ஒரு வழி இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். அவன் தன் வாழ்க்கையை எழுதி வைத்திருக்க மாட்டான். எங்கேயாவது மாட்டிக்கொண்டபோது மற்றவர்கள் அவனைப் பற்றி எழுதியிருப்பார்கள். கடன் வாங்கியபோது, நிலத்தை விற்றபோது, ஜெயிலுக்குப் போனபோது, கப்பல் ஏறியபோது, ஆஸ்பத்திரியில் படுத்தபோது. அங்கேதான் போய்ப் பார்க்க வேண்டும். தாத்தாவுக்கு ஊரில் துண்டு நிலம் இருந்ததாகச் சித்தப்பாவுக்குக் காதில் விழுந்த ஞாபகம். நிலம் இருந்தால் அது ஒருநாள் அடமானத்துக்குப் போயிருக்கும். அந்த நம்பிக்கையில்தான் வந்தோம்.

ஆன்லைனில் எடுக்கும் வில்லங்கச் சான்று அவ்வளவு பழைய காலத்துக்குப் போகவில்லை. அதற்கு முந்தையதெல்லாம் கையால் எழுதிய அட்டவணைப் புத்தகங்கள். ஒன்றில் பெயர் வாரியாக இருக்கும், இன்னொன்றில் கிராமமும் சொத்தும் வாரியாக இருக்கும். எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்று எழுதி, கட்டணம் கட்டி, தேடச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும்.

அலுவலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பத்திர எழுத்தர். எழுபது வயதிருக்கும். மனுவை அவர்தான் எழுதிக் கொடுத்தார். தாத்தாவின் பெயர், அவர் அப்பா பெயர், கிராமம். 1935 முதல் 1947 வரை என்று சொன்னேன். சுரங்கத்தில் இறந்தது அப்பா பிறப்பதற்கு முன்னால், அப்பா பிறந்தது 1947இல். அதற்கு மேல் தேட என்ன இருக்கிறது?

பெரியவர் பேனாவை மூடவில்லை. "ஆள் செத்தப்புறம்தாம்மா வீட்டுல காகிதம் அதிகமாகும். வாரிசுங்க எழுதுவாங்க, கடன்காரன் எழுதுவான். இன்னும் ஒரு அஞ்சு வருஷம் சேர்த்துப் போடுங்க" என்றார். 1952 வரை என்று போட்டோம்.

1947 வரை ஒன்றுமில்லை. மூன்று மணி சுமாருக்கு உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். 1948 நவம்பரில் ஒரு அடமானப் பத்திரம். எழுதிக் கொடுத்தவர் இடத்தில் தாத்தாவின் பெயர் இருந்தது. அவர் மனைவியோ வாரிசோ இல்லை, தாத்தாவேதான் எழுதிக் கொடுத்திருந்தார்.

அதே பெயரில் ஊரில் வேறு யாராவது இருந்திருப்பார்கள் என்று சித்தப்பா சொன்னார். அப்பா பெயருமா ஒன்றாக இருக்கும்? நகலுக்கு மனுக் கொடுத்துவிட்டு வந்தோம். ராத்திரி அப்பா போன் செய்தார். "தேடிக்கிட்டிருக்கேன்பா" என்று மட்டும் சொன்னேன்.

புதன் – குடியாத்தம்

நகல் கைக்கு வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை ஊரைச் சுற்றினேன். லுங்கி நெய்கிற தெருக்களில் தறிச் சத்தம். கௌண்டன்யா ஆற்றங்கரையில் கெங்கையம்மன் கோயில். வைகாசி முதல் தேதி அம்மன் சிரசை ஊர்வலமாகத் தூக்கி வந்து இங்கே உடலோடு பொருத்துவார்கள். அந்தத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம் திரண்டு வரும். அடுத்த நாளே இந்தச் சிரசுத் திருவிழா எனக்கு இவ்வளவு பெரிய உதவி செய்யும் என்று அப்போது தெரியவில்லை.

நகலை விடுதி அறையில் உட்கார்ந்து படித்தேன். வட ஆற்காடு ஜில்லா, குடியாத்தம் தாலுகா, இன்ன கிராமம், இன்னார் குமாரர், வயது 34. கோலார் தங்கவயலில் கூலி வேலை பார்த்து "தற்சமயம் ஊரில் இருக்கும்" என்று ஒரு வரி. கடன் தொகை 150 ரூபாய். எதற்காக என்றால், "என்னுடைய வைத்தியச் செலவுக்காகவும் குடும்ப ஜீவனத்துக்காகவும்." கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை என்று எழுத்தர் எழுதியிருக்கிறார். பதிவுப் புத்தகத்தில் இருப்பது நகல்தான். தாத்தாவின் ரேகை பதிந்த அசல், கடன் கொடுத்தவர் வீட்டுக்குப் போயிருக்கும்.

1930இல் கோலார் சுரங்கங்களில் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று கம்பெனி சொன்னது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எதிர்த்து நின்றார்கள். பெரும்பாலும் நம் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்து ஆட்கள். குற்றவாளியைப் போல ரேகை வைக்க மாட்டோம் என்ற ரோஷம் அது. அப்போது தாத்தாவுக்குப் பதினாறு வயதிருக்கும். அவர் அங்கே இருந்தாரா என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அந்த ரோஷத்தை நேரில் பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவர்தான் 150 ரூபாய்க்காகக் குடியாத்தத்துக்கு வந்து விரலை மையில் தோய்த்திருக்கிறார்.

அதைவிட இன்னொன்று மனதைப் பிடித்துக்கொண்டது. 1948 நவம்பரில் அப்பாவுக்கு ஒரு வயது தாண்டியாகிவிட்டது.

வியாழன் – ஊர்

ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று சித்தப்பா கேட்டுக்கொண்டார், சரியென்று பட்டது. நிலம் இப்போது மூன்று கை மாறி யாரோ ஒருவருடைய உழைப்பில் இருக்கிறது. குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டு போகும் வழியில் இறங்கி உள்ளே போக வேண்டும். பேரணாம்பட்டைத் தாண்டி பத்தலப்பல்லி மலைப்பாதையில் ஏறினால் வி.கோட்டா, அங்கிருந்து கோலார் தங்கவயல். தாத்தா வேலைக்குப் போன திசை எது என்று ஊர் முனையில் நின்றாலே தெரிகிறது. மேற்கே மலை நிற்கிறது.

டீக்கடையில் நகலை எடுத்ததும் பேச்சு நின்றுவிட்டது. பழைய பத்திரத்தோடு பட்டணத்திலிருந்து ஆள் வந்தால் யாருக்குத்தான் பயம் வராது? "நிலம் கேட்டு வரலைங்க, எங்க தாத்தாவைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு பார்க்க வந்தோம்" என்று சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னபிறகுதான் முகங்கள் இளகின.

எங்களுக்கு உதவியது பத்திரத்தின் கடைசிப் பகுதி. சொத்து விவரத்தில் நான்கெல்லை எழுதியிருப்பார்கள் இல்லையா? வடக்கே ஏரிக்கால்வாய், கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே ஒருவர் நிலம், தெற்கே இன்னொருவர் நிலம். மேற்கே இருந்த பெயரை யாருக்கும் தெரியவில்லை. தெற்கே இருந்த பெயரைப் படித்ததும் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அது எங்க பெரிய ஆயாவோட நைனா பேருங்க. ஆயா இருக்குது, கண்ணு மட்டும்தான் கொஞ்சம் மங்கல்."

தொண்ணூறு வயதுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார், விரல்கள் நிற்கவில்லை. கட்டைவிரலால் கடலையின் மூக்கை அழுத்துவார், பட்டென்று பிளக்கும், பருப்பு முறத்தில், தொலி மடியில். தாத்தாவின் பெயரைச் சித்தப்பா உரக்கச் சொன்னதும் கை நின்றது.

"தண்ணி ஊத்துனா எரியுற வெளக்கு வெச்சிருப்பாரே, அவுரா?"

எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் பிடிபட்டது. சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் கார்பைடு விளக்கு. அடியில் கார்பைடு கட்டி, மேலே தண்ணீர். தண்ணீர் சொட்டச் சொட்ட வாயு கிளம்பி வெள்ளையாக எரியும். தாத்தா பொங்கலுக்கு ஊர் வரும்போது பழைய விளக்கு ஒன்றைக் கொண்டு வருவாராம். தெருவில் வைத்துக் கார்பைடைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவாராம். "பூண்டு நாத்தம் நாறும். நாங்க பசங்கல்லாம் மூக்கைப் புடிச்சிகினு சுத்தி நிப்போம். கூத்து நடக்கும்போது துரியோதனன் வேசங்கட்டினவன் மூஞ்சிக்கு நேரா அதைத் தூக்கிப் புடிச்சிகினு நிப்பாரு. வேசக்காரனைவுட அவுருக்குப் பெருமை தாங்காது."

எண்பது வருஷமாக எங்கள் வீட்டில் இறந்துபோன மனிதராக மட்டுமே இருந்தவர், அந்தத் திண்ணையில் கூத்துக்கு விளக்குப் பிடித்தார். எனக்குப் பேச்சு வரவில்லை. பாட்டியே தொடர்ந்தார்.

கடைசியாக வந்தபோது விளக்கு கொண்டு வரவில்லையாம். ஆள் பாதியாக இருந்தார். நாலு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். இருமலில் ரத்தம். சயரோகம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் இருந்த மாட்டுக்கொட்டாயில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். தனித் தட்டு, தனிச் சொம்பு. வேலூர் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர்கள் வண்டியில் வந்து சாலையோரத்தில் மருந்து கொடுக்கும் இடத்துக்கு ஆயாதான் மாட்டு வண்டியில் கூட்டிப் போவார். அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் இந்தக் குடியாத்தம் சாலையில் ஆரம்பித்த சாலையோர வைத்தியம் அது. அப்படித்தான் அடமானப் பணம் கரைந்திருக்கிறது.

"எங்கப்பா?" என்று கேட்டேன்.

"கொழந்தையை ஆரு கிட்ட வுடுவாங்க? உங்க ஆயா இடுப்புல வெச்சிகினு எங்க நெலத்து வரப்புல வந்து நிப்பா. அவுரு கொட்டாயில இருந்து எட்டிப் பாப்பாரு. நாளுக்கு ரெண்டு வாட்டி, காத்தால ஒரு வாட்டி, பொழுது போவும்போது ஒரு வாட்டி. பையன் வளர்ந்துட்டானா, தூக்கிக் காமின்னு கை காட்டுவாரு. இவ தலைக்கு மேல தூக்கிக் காட்டுவா. அது கெக்கெக்கேன்னு சிரிக்கும்."

சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

எப்போது இறந்தார் என்று கேட்டேன். வருஷம் பாட்டிக்குத் தெரியவில்லை. ஆனால் சொன்னார்: "குடியாத்தம் சிரசு முடிஞ்சி பத்துப் பன்னெண்டு நாள் இருக்கும். அமாவாசை. வெள்ளிக்கிழமை. பொழுது சாயற நேரத்துல போயிட்டாரு. விடிஞ்சா சனி. சனிப் பொணம் தனியா போவாதுன்னு ராவோட ராவா ஏரிக்கரையில கொண்டும்போய் பொதைச்சாங்க. பெட்ரோமாக்ஸு ஒண்ணுதான் முன்னால போச்சு." அப்போது அவருக்கு வயது பதினாலு என்கிறார்.

காரியம் முடிந்த கையோடு ஆயா ஊரைவிட்டுப் போனாராம். சயரோகம் வந்த வீடு என்று குடிக்கத் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. "பையனுக்கு நாளைக்கு ஆரு பொண்ணு குடுப்பா? அதான் சொரங்கத்துல வெடிச்சிப் போயிட்டாருன்னு சொல்லிக்கோன்னு எங்கம்மாதான் சொல்லி அனுப்புச்சி." தொண்ணூறு வயதில் அதைச் சொல்லும்போது பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். மடியிலிருந்த தொலியெல்லாம் கீழே கொட்டியது.

நிலத்தைத் தூர நின்று பார்த்தோம். வேர்க்கடலை போட்டிருக்கிறார்கள். கால்வாயில் தண்ணீர் இல்லை. மாட்டுக்கொட்டாய் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடு. ஏரிக்கரையில் இன்ன இடம் என்று காட்ட யாரும் இல்லை, பொதுவாகக் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

வெள்ளி – வேலூர்

ஆயா சொன்னது பொய் என்று என்னால் நினைக்க முடியவில்லை. சுரங்கத்தில் குவார்ட்ஸ் பாறையைத் துளைக்கும்போது பறக்கும் தூசு நுரையீரலில் படிந்து அதைக் கல்லாக்கும், அதுதான் சிலிகோசிஸ். 1940களில் கோலார் தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. சிலிகோசிஸ் வந்தவர்களைக் காசமும் சுலபமாகப் பிடிக்கும். அந்தப் பாறைதான் அவரைக் கொன்றிருக்க வேண்டும். வெடித்துக் கொல்லாமல் தூசாக உள்ளே போய்க் கொன்றது. அந்தச் சுரங்கங்களை 2001 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். நம் ஜில்லாவின் எத்தனை மாட்டுக்கொட்டாய்களில் இப்படி இருமிக்கொண்டே செத்தார்களோ, அந்தக் கணக்கை யாரும் எடுக்கவில்லை என்பதில் எனக்குக் கோபம் உண்டு.

காலையில் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஜோசியர் ஒருவரிடம் பழைய பஞ்சாங்கத் தொகுப்பு இருந்தது. 1949, விரோதி வருஷம். வைகாசி அமாவாசை மே 27. கிழமை வெள்ளி. சிரசு நடந்து பன்னிரண்டு பதிமூன்று நாள். அடுத்த வருஷத்தையும் பார்த்துவிடலாம் என்று அவரே புரட்டினார். 1950இல் சிரசு முடிந்த இரண்டொரு நாளில் அமாவாசை, வெள்ளியும் இல்லை. 1951இல் மூன்று வாரம் தள்ளிப் போகிறது. பாட்டி சொன்னது மூன்றும் பொருந்துவது 1949இல்தான். 1948 நவம்பரில் கைநாட்டு, 1949 மே மாதம் மரணம். எழுத்தில் இல்லாத ஒரு தேதியை, பதினாலு வயதுப் பெண்ணாக இருந்து பார்த்தவர் எழுபது வருஷத்துக்கு மேல் அப்படியே வைத்திருக்கிறார்.

அப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கார்பைடு விளக்கு, கூத்து, வரப்பு, தலைக்கு மேல் தூக்கிக் காட்டியது. நடுவில் அவர் குறுக்கிடவே இல்லை. லைனில் இருக்கிறாரா என்று இரண்டு தடவை கேட்டேன்.

"அப்போ என்னைப் பார்த்திருக்காரு" என்றார்.

"தினமும் பார்த்திருக்காருப்பா."

இத்தனை வருஷமும் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் பொதுவாகத்தான் தாத்தாவுக்குப் படைத்து வந்திருக்கிறார், திதி தெரியாததால். இனிமேல் வைகாசி அமாவாசைதான் என்றார். வீட்டில் வேண்டாம், அந்த ஏரிக்கரையிலேயே செய்துவிடலாம் என்றார். முழங்காலைப் பற்றிச் சொன்னேன். காட்பாடி வரை ரயில் இருக்கிறதே, அதற்கு மேல் கார் வைத்துக்கொள்ளலாமே என்று அவரே வழி சொன்னார். பாட்டிக்கு நூல் புடவை எடுக்க வேண்டும், கண்ணுக்கு டாக்டரிடம் காட்டினார்களா என்று கேட்டுச் சொல்ல வேண்டும் என்றார். பாட்டியின் பேரனுக்கு இப்போதுதான் போன் செய்தேன். இன்னும் காட்டவில்லையாம். அடுத்த வாரம் வேலூருக்கு அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார், சித்தப்பா கூடப் போவார்.